க்ளாஸ்மேட்டுக்கு உதவி பண்ணப் போய் அவ ஸ்கூலுக்கே வர மாட்டேங்குறா, இப்ப நான் என்ன பண்ணட்டும்?

பாம்பன் பொண்ணு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ப்ளஸ் ஒன் படிக்கிறேன், பாம்பன் பக்கம். கொஞ்சம் பெருசா எழுதுறேன், பொறுமையா படிச்சுட்டு சொல்லுங்க.

எங்க க்ளாஸ்ல ஒரு பொண்ணு, பேரு வேண்டாம். அவ அப்பா விசைப்படகுல கூலிக்குப் போறவங்க. போன மாசம் இலங்கை நேவி புடிச்சுட்டாங்க, தலைமன்னாருக்கு கொண்டு போய் மன்னார் கோர்ட்ல நிறுத்தி இப்ப வவுனியா ஜெயில்ல இருக்காங்க. எங்க ஊர்ல இது புதுசு இல்ல, ஆனா நம்ம கூட உக்காந்து படிக்கிற பொண்ணுக்கு நடக்கும்போதுதான் அது என்னன்னு தெரியுது. அவ மதியம் சாப்பாடு கொண்டு வர்றத நிறுத்திட்டா, பசிக்கலன்னு சொல்லி லைப்ரரி பக்கம் போயிருவா.

நானும் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரும் எதாச்சும் பண்ணணும்னு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வச்சு எல்லா க்ளாஸ்லயும் காசு சேத்தோம். 3,460 ரூபா. சின்ன க்ளாஸ் புள்ளைங்க மிட்டாய் காச போட்டாங்க, எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். திங்கக்கிழமை ப்ரேயர்ல மேடைக்கு கூப்பிட்டு கவர்ல வச்சு குடுத்தோம், எல்லாரும் கை தட்டுனாங்க, சார் போட்டோ எடுத்து ஸ்கூல் வாட்ஸ்அப் க்ரூப்ல போட்டாங்க, எங்க செட்டுல ஒருத்தி அத சோகப் பாட்டோட ஸ்டேட்டஸும் வச்சுட்டா. அவ ரெண்டு கையாலயும் கவர வாங்கிட்டு தன் காலையே பாத்துட்டு நின்னா. நான் அப்ப அத கவனிக்கல, போட்டோல பாத்தப்பதான் தெரிஞ்சது.

மறுநாள்லேருந்து அவ வரல. இன்னையோட ஒம்பது நாள் ஆச்சு. முந்தாநாள் அவ தம்பி எங்க வீட்டுக்கு வந்து அந்த கவர திருப்பிக் குடுத்துட்டான். அடிச்ச ஸ்டாப்ளர் பின் கூட அப்படியே இருந்துச்சு. கூடவே நியூஸ் பேப்பர்ல மடிச்சு ஒரு பொட்டலம் நெத்திலி கருவாடு, அம்மா குடுக்க சொன்னாங்கன்னு சொல்லிட்டு ஓடிட்டான். ராத்திரி பூரா தூக்கம் வரல. கெட்டது நினைச்சு எதுவும் பண்ணல, ஆனா தப்பு பண்ணிட்டேன்னு தெரியுது. அந்த கருவாட்ட தொடவே மனசு வரல, அப்படியே அலமாரில இருக்கு. நான் இப்ப என்ன பண்ணணும்?

தங்கச்சிமடத்தான் பதில்:

தங்கச்சி, மொதல்ல அந்த கருவாட்ட எடுத்து குழம்பு வைக்க சொல்லு. வெளயாட்டுக்கு சொல்லல.

நான் ஒம்பதாவது படிக்கையில எங்க அப்பாவையும் புடிச்சாங்க, அப்ப யாழ்ப்பாணம் ஜெயிலு. படகு அப்பாவோடது இல்ல, மொதலாளியோடது, அப்பா வெறும் கூலி, ஆனா உள்ள இருந்தது அப்பாதான். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ வாய்தா. அந்த தேதி வர்றதுக்கு முந்துன நாள் எங்க அம்மா பேசவே மாட்டாங்க, வாய்தா அன்னைக்கு மதியம் சங்கத்துல இருந்து யாராச்சும் வந்து விட்டாச்சுன்னு சொல்ல மாட்டாங்களான்னு வாசல்லயே உக்காந்திருப்பாங்க, மறுபடி நீட்டிச்சுட்டாங்கன்னு வந்தா எந்திருச்சு அடுப்பு பத்த வைக்க போயிருவாங்க. காலண்டர்ல ஸ்கூல் பரீட்சை தேதிய விட அந்த தேதிதான் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்.

அந்த மூணு மாசத்துல எங்க வீட்டுக்கு வந்தவங்க ரெண்டு வகை. ஒரு வகை வந்து அழுவாங்க, அரிசி குடுப்பாங்க, போகும்போது "பாவம் இந்த புள்ளைங்க"ன்னு எங்க காதுல விழுற மாதிரி சொல்லிட்டு போவாங்க. இன்னொரு வகை ஒரே ஒருத்தன்தான், என் பெஞ்சு பையன். தெனமும் சாயங்காலம் வருவான், அப்பாவ பத்தி ஒரு வார்த்த கேக்க மாட்டான், அப்பா வச்சுட்டு போன வலை குவியல் மேல ஏறி உக்காந்து "இன்னிக்கி கணக்கு சார் என்ன நடத்துனார் தெரியுமாடா"ன்னு ஆரம்பிப்பான், நோட்ட என்கிட்ட தூக்கி போட்டுட்டு எங்க அம்மாகிட்ட "அத்தை, பசிக்குது"ம்பான். எங்க வீட்ல இருக்கறதே கம்மி. ஆனா அவன் கேட்டதும் எங்க அம்மா மொகம் மாறும் பாரு, அத இப்பயும் மறக்கல. அன்னிக்கி எங்க வீட்டுல இருந்து ஒருத்தன் சாப்ட்டு போனான்ல.

அதான் சொல்றேன், அந்த அம்மா கருவாடு குடுத்து விட்டது கோவத்துல இல்ல. நாங்களும் குடுக்குற வீடுதான்னு சொல்லி விட்டிருக்காங்க. நீ அத வாங்கி சாப்ட்டு, நல்லாருந்துச்சுன்னு நேர்ல போயி சொல்லு. காசு பேச்ச எடுக்காத. மன்னிப்பு கூட மொத நாளே கேக்க வேணாம், நீ அழுதா அந்த புள்ளதான் உன்ன தேத்த வேண்டி வரும்.

கீழக்கரை டீச்சர் பதில்:

அம்மாடி, நான் முப்பது வருஷத்துக்கு மேல ஸ்கூல்ல இருந்து ரிட்டயர் ஆனவ. தம்பி சொன்னது அத்தனையும் சரி. அதோட சில வேல இருக்கு, அத இன்னைக்கே பண்ணு.

க்ரூப்ல இருக்க போட்டோவ சார்கிட்ட சொல்லி அழிக்க சொல்லு. பயப்படாத, மரியாதையா சொன்னா கேப்பாங்க. ஸ்டேட்டஸ் ஒரு நாள்ல போயிருக்கும், ஆனா யாரு யாரு சேவ் பண்ணி வச்சிருக்காங்களோ அவங்ககிட்டயும் கேளு.

அடுத்தது சாப்பாடு. சத்துணவு பத்தாங் கிளாஸோட முடிஞ்சுரும். போன வருஷம் வரைக்கும் அந்த பொண்ணு எல்லாரோடவும் தட்டு வாங்கி சாப்பிட்டிருக்கும், ப்ளஸ் ஒன் வந்ததும் அது இல்ல, டிபன் பாக்ஸ் கொண்டு வரணும், வீட்ல ஒண்ணும் இல்லன்னா லைப்ரரிக்கு போகணும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்னிக்கி ஆரம்பிச்சாங்க, ரொம்ப நல்ல காரியம், ஆனா அது அஞ்சாங் கிளாஸ் வரைக்கும்தான். அப்ப இந்த ரெண்டு வருஷத்துப் புள்ளைங்கள யாரு பாக்குறது? நீங்க பாக்கலாம். ஒருத்தருக்குன்னு தனியா கொண்டு வராதீங்க. எல்லாரும் டப்பாவ நடுவுல தொறந்து வச்சு கலந்து சாப்பிடுங்க, யாரு கொண்டு வந்தா யாரு கொண்டு வரலன்னு தெரியாத மாதிரி. என் க்ளாஸ்ல இத பல வருஷம் பண்ணிருக்கோம், புள்ளைங்க அதுக்கு கூட்டாஞ்சோறுன்னு பேரு வச்சிருந்தாங்க.

அந்த 3,460 ரூபாய க்ளாஸ் டீச்சர்கிட்ட குடுத்து ரெக்கார்டு நோட்டு, பரீட்சை ஃபீஸ் இந்த மாதிரி எந்த புள்ளைக்கு தேவைன்னாலும் டீச்சரே சத்தமில்லாம கட்டுற மாதிரி வைங்க. கவர்ன்மென்ட் ஸ்கூல்னா இத கட்டாயம் அந்த பொண்ணுகிட்ட சொல்லு, ஆறுலேருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளில படிச்ச பொண்ணுங்க காலேஜ் போனா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா பேங்க் அக்கவுண்ட்ல வரும். இப்ப நின்னுட்டா அதுவும் போயிரும். அவ அம்மாவ மீன்வளத்துறை ஆபீஸ்ல விசாரிக்க சொல்லுங்க, இலங்கை சிறைல இருக்கவங்க குடும்பத்துக்கு கவர்ன்மென்ட் தினப்படி உதவித்தொகை குடுக்குது. படிப்பு சம்பந்தமா எதுன்னாலும் 14417 நம்பருக்கு கூப்பிடலாம்.

இன்னொண்ணு சொல்லணும். கலாம் ஐயா ராமேஸ்வரத்துல அஞ்சாங் கிளாஸ் படிக்கையில, கோயில் குருக்கள் வீட்டுப் பையன் ராமநாத சாஸ்திரி பக்கத்துல முன் பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. புதுசா வந்த வாத்தியார் அத பொறுக்காம தொப்பி போட்ட பையன கடைசி பெஞ்சுக்கு அனுப்பிட்டார். கலாம் ஐயா பின்னால போய் உக்காந்ததும் அந்த ராமநாத சாஸ்திரி அழுதுட்டானாம். அத தான் மறக்கவே இல்லன்னு ஐயாவே எழுதிருக்காங்க. பிறகு அந்தப் பையனோட அப்பா லட்சுமண சாஸ்திரி வாத்தியார கூப்பிட்டு கண்டிச்சு வாத்தியாரும் மனசு மாறுனார், அது பெரியவங்க பண்ணது. ஆனா பத்து வயசுப் பையன் பண்ணது, பக்கத்துல இருந்தவன் போனது தனக்கு நட்டம்னு நெனச்சது. உன் பெஞ்சுல அவ எடம் ஒம்பது நாளா காலியா இருக்குல்ல, அது உனக்கு எப்படி இருக்குன்னு மட்டும் அவகிட்ட சொல்லு.

சாயல்குடி இளைஞர் பதில்:

எல்லாரும் போட்டோ தப்புன்னு சொல்றீங்க, நாங்க ஊர்ல பசங்க சேந்து மழைக்காலத்துல அரிசி பருப்பு குடுக்குறோம், போட்டோ போடலன்னா காசு குடுத்தவங்க எங்கடா போச்சுன்னு கேப்பாங்க, அடுத்த தடவ குடுக்க மாட்டாங்க. அதுக்கு என்ன பண்றது? சண்டைக்கு கேக்கல, நெசமாவே கேக்குறேன்.

தங்கச்சிமடத்தான் பதில்:

தம்பி, கடை பில்லு போடுங்க, மூட்டைய அடுக்கி வச்சு போட்டோ போடுங்க, எத்தன வீட்டுக்கு குடுத்தோம்னு எண்ணிக்கை போடுங்க. வாங்குற கைய போடாதீங்க. எங்க அம்மா அரிசி வாங்குன போட்டோ ஒண்ணு இன்னமும் யாரோ ஒருத்தர் ஃபேஸ்புக்ல இருக்கு. நான் இப்ப சம்பாதிக்கிறேன், வீடு கட்டிட்டேன், அந்த போட்டோவ எடுக்க சொல்லி ரெண்டு தடவ கேட்டும் எடுக்கல.

சாயல்குடி இளைஞர் பதில்:

சரிண்ணே. பழசெல்லாம் இன்னைக்கே அழிச்சிருறோம்.

மண்டபம் முகாம் அக்கா பதில்:

நான் முகாம்லயே பிறந்தனான், இப்ப நர்சிங் முடிச்சுட்டு வேலைக்கு போறன். ஸ்கூல்ல என்ட பேர சொல்லி கூப்பிட்டது கொஞ்சப் பேர்தான், மத்த எல்லாருக்கும் நான் "அகதி புள்ள". திட்டணும்னு சொல்றதில்ல, அடையாளத்துக்கு சொல்றது, "அந்த அகதி புள்ளகிட்ட நோட்டு வாங்கு"ன்னு. 2021லயே அரசாங்கம் அகதிகள் முகாம்னு சொல்லாம இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்னு சொல்ல சொல்லிட்டாங்க, போர்டு மாறிச்சுது, வாய் மாற நாளாகுது.

ஏழாம் வகுப்புல ஒரு பிள்ளை, உச்சிப்புளில இருந்து வாறவ, ஒரு நாள் என்ட கிட்ட வந்து "உங்க வீட்ல சொதின்னு ஒண்ணு வைப்பீங்களாமே, எனக்கு கொண்டு வருவியா"ன்னு கேட்டாள். அதுவரைக்கும் எல்லாரும் எனக்கு குடுத்துக்கொண்டுதான் இருந்தவை, பழைய யூனிஃபார்ம், பழைய பேக். என்ட கிட்ட ஒண்டு வேணும்னு கேட்ட மொத ஆள் அவள்தான். அம்மம்மா விடியக்காலை எழும்பி தேங்காய்ப்பால் பிழிஞ்சு வச்சுத் தந்தா, தூக்குவாளி சூடு குறையாம இருக்க துணியில சுத்தி மடியில வச்சுக்கொண்டே பஸ்ல போனன். அவள் ஒரு சொட்டு விடாம குடிச்சாள். அடுத்த கிழமை அவள் பனங்கிழங்கு கொண்டு வந்தாள். பிறகு அவளே மத்த பிள்ளைகள்கிட்ட என்ட பேர சொல்லித்தான் கூப்பிடணும்னு சொல்லி சண்டை பிடிச்சாளாம், அது எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும்.

தங்கச்சி, அந்தப் பிள்ளைக்கு எது நல்லா வருமோ அத அவகிட்ட கேளு. கணக்கோ, கோலமோ, பாட்டோ. உண்மையா உனக்கு தேவையானத கேக்கணும், சும்மா கேட்டா கண்டுபிடிச்சுருவாள்.

ஏர்வாடி பக்கம் பதில்:

கொஞ்சம் வேற விஷயம், ஆனா சொல்லணும்னு தோணுச்சு. 2001 ஆகஸ்ட் 6 எங்க ஊர்ல நடந்தது எல்லாருக்கும் தெரியும், மனநல காப்பகத்துல தீப்புடிச்சு சங்கிலில கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமயே எரிஞ்சு போனாங்க. சட்டதிட்டம் எல்லாம் பிறகு வந்துச்சு. ஆனா மனசு சரியில்லாம தெருவுல திரியுறவங்க மேல கல்லு எறியிற பசங்கள அதுக்கப்புறமும் நான் பாத்திருக்கேன். போன வருஷம் பஸ் ஸ்டாப்ல எட்டாவது படிக்கிற பையன் ஒருத்தன், கல்லு எடுத்த தன் ஃப்ரெண்டு கைய புடிச்சுக்கிட்டான், திட்டல, "வேணாம்டா, அவரு டெய்லி எனக்கு பஸ் வருதுன்னு கை காட்டுவாரு"ன்னான். அந்த மனுசன அந்த பையன் ஒரு ஆளா பாத்திருக்கான். நாங்க பெரியவங்க டீக்கடைல உக்காந்து வேடிக்கைதான் பாத்துட்டு இருந்தோம்.

பாம்பன் பொண்ணு பதில்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அஞ்சு நாள் கழிச்சு எழுதுறேன்.

சார்கிட்ட சொன்னேன், அவங்க உடனே போட்டோவ அழிச்சுட்டாங்க, "எனக்கும் தோணலம்மா"ன்னு வருத்தப்பட்டாங்க. காசு க்ளாஸ் டீச்சர்கிட்ட குடுத்தாச்சு.

நெத்திலிய அம்மா கத்திரிக்கா மாங்கா போட்டு குழம்பு வச்சாங்க. சனிக்கிழமை அவ வீட்டுக்கு போனேன். அவ அம்மா வாசல்ல ஓலைப்பாய் விரிச்சு மீன் காய வச்சுட்டு இருந்தாங்க. என்ன பாத்ததும் எந்திரிச்சுட்டாங்க, எனக்கு தொண்டை அடைச்சுருச்சு, "அத்தை, கருவாடு ரொம்ப நல்லாருந்துச்சு, எங்க அம்மா உப்பு எப்படி இவ்ளோ அளவா போட்டீங்கன்னு கேக்க சொன்னாங்க"ன்னு சொன்னேன், அது நெசமாவே அம்மா கேட்டதுதான். அவங்க கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு, கடல் தண்ணிலயே ஒரு தடவ அலசணும் பாப்பா, கல்லுப்பு அப்புறம்தான்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. நானும் உக்காந்து மீன திருப்பிப் போட்டேன். அவ உள்ளேருந்து வரவே இல்ல. அரை மணி நேரம் கழிச்சு கதவு பக்கம் வந்து நின்னா, "அப்படி திருப்பாத, வால் ஒடஞ்சுரும்"னா.

அவ்ளோதான் பேசுனா அன்னைக்கு. நான் கெமிஸ்ட்ரில மோல் கணக்கு எனக்கு சுத்தமா வரலன்னு சொன்னேன், அவளுக்கு அது நல்லா வரும். ஒண்ணும் சொல்லல. ஆனா இன்னைக்கு காலைல ஸ்கூலுக்கு வந்துட்டா. மதியம் நாங்க எட்டு பேர் வேப்பமரத்துக்கு கீழ டப்பாவெல்லாம் நடுவுல வச்சுட்டோம், அவ ஒரு டப்பா கொண்டு வந்திருந்தா, வெறும் சோறும் மீன் குழம்பும், மொதல்ல காலியானது அதுதான். போட்டோவ பத்தி அவளும் பேசல நானும் பேசல, கோவம் இன்னும் இருக்குன்னு தெரியுது, இருக்கட்டும்.

வர்ற பதினாலாந்தேதி வாய்தாவாம், அன்னைக்கு ஸ்கூல் விட்டதும் அவ வீட்டுக்கு போயிருவேன். ஏப்ரல் 15 வந்தா தடைக்காலம் வேற, ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்கு போகாது, அதுக்குள்ள அவங்க அப்பா வந்தாலும் தொழில் இருக்காது, அந்த ரெண்டு மாசத்த அவங்க வீட்ல எப்படி ஓட்டுவாங்கன்னுதான் இப்ப யோசனையா இருக்கு. அவ அம்மா கருவாட்ட வெளியூருக்கு நல்ல விலைக்கு எடுக்குறவங்க, மதுரை பக்கமோ பரமக்குடி பக்கமோ, யாராச்சும் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க. வேற யாருக்கும் தெரிய வேணாம், எனக்கு மட்டும் மெசேஜ் பண்ணுங்க.