பெரிய வீட்டுக் குழு: ஞாயிறு மினி பயணம்

ராமு பெரியப்பா: எல்லோருக்கும் காலை வணக்கம். ஞாயிறன்று சின்ன கார் கிளப்பின் மலைப்பயணம். நம் பழைய மினி காரை எடுத்துப் போகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல ஒரு ஆள் வேண்டும். யார் வருகிறீர்கள்?

கார்த்திக்: பெரியம்மா இருக்கிறார்களே

பெரியம்மா: நான் வரவில்லை. போன தடவை இறங்கும்போதே சொல்லிவிட்டேன்.

மீனா: அந்த இடது வலது சண்டை ஹாஹா

ராமு பெரியப்பா: அவள் வலது என்றுதான் சொன்னாள்.

பெரியம்மா: அந்தச் சாலைப் புத்தகம் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. படம் எடுத்துப் போடவா?

ராமு பெரியப்பா: வேண்டாம்.

அருண்: மேப் இருக்கும்போது வழி சொல்ல ஆள் எதற்கு?

சுந்தர் சித்தப்பா: அருண், சும்மா வரிசையாகப் போய்ப் படம் எடுத்துவிட்டு வருவது மட்டும் இல்லை. காலையில் நேரக்கணக்கு ஓட்டம் உண்டு. புறப்படும்போதுதான் சாலைப் புத்தகத்தைக் கையில் கொடுப்பார்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சின்னப் படம் இருக்கும். புள்ளி இருக்கும் பக்கத்திலிருந்து நீ வருகிறாய், அம்பு காட்டும் பக்கம் போகிறாய், அவ்வளவுதான். ட்யூலிப் படம் என்பார்கள், நெதர்லாந்தின் ட்யூலிப் ராலி என்ற கார் போட்டியிலிருந்து வந்த பெயர். இதில் வேகமாகப் போனால் பரிசு கிடையாது. சராசரி வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர் என்று கொடுத்தால், 12 கிலோமீட்டரைச் சரியாக 20 நிமிடத்தில் முடிக்க வேண்டும். முந்தினாலும் மதிப்பெண் போகும், பிந்தினாலும் போகும்.

மீனா: இன்னும் டைப் செய்துகொண்டிருக்கிறார்

கார்த்திக்: வரும் வரும்

சுந்தர் சித்தப்பா: நேரம் குறிப்பவர்கள் எங்கே நிற்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். அதனால் கடைசியில் மிதித்து ஈடுகட்டலாம் என்ற கணக்கும் நடக்காது. மாடு குறுக்கே வந்து நின்ற நேரமும் நம் நேரம்தான்.

அருண்: அப்போது ஆமைதான் ஜெயிக்கும்

சுந்தர் சித்தப்பா: ஆமையும் தோற்கும். முழுவதும் படித்தாயா இல்லையா?

ராமு பெரியப்பா: 1964, 1965, 1967 மான்டி கார்லோ ராலியை ஜெயித்த கார் மினி. அதை யாரும் மறக்க வேண்டாம்.

கார்த்திக்: 1966?

ராமு பெரியப்பா: முதல் மூன்று இடத்திலும் வந்தது மினிதான். முகப்பு விளக்கு விதிப்படி இல்லை என்று நீக்கிவிட்டார்கள். அநியாயம்.

பெரியம்மா: கல்யாணமான நாளிலிருந்து இந்த அநியாயத்தைக் கேட்கிறேன்.

கலா அத்தை: நான் வருகிறேன் அண்ணா.

மீனா: அத்தை!!!

ராமு பெரியப்பா: ஓடுகிற வண்டியில் படித்தால் உனக்குத் தலை சுற்றுமே கலா.

கலா அத்தை: படிக்க வரவில்லை. ஓட்ட வருகிறேன்.

அருண்: 😮

ராமு பெரியப்பா: அந்த வண்டியின் கியர் உனக்குப் பழக்கம் கிடையாது.

கலா அத்தை: நீங்கள் ஹாஸ்டலில் இருந்த வருஷம் அப்பா எனக்கு அதில்தான் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் சாவி யார் சட்டைப் பைக்குப் போனது என்று எல்லோருக்கும் தெரியும்.

சுந்தர் சித்தப்பா: சரி சரி, பழைய கதை வேண்டாம். அண்ணா, டயர் எப்போது மாற்றினீர்கள்?

ராமு பெரியப்பா: தேயவே இல்லை. புதிது மாதிரி இருக்கிறது.

சுந்தர் சித்தப்பா: தேய்வது வேறு, வயசாவது வேறு. எப்போதாவது வெளியே வரும் வண்டியில் டயர் தேய்வதற்கு முன்பே ரப்பர் இறுகி வெடிப்பு விடும். பக்கவாட்டில் டிஓடி என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பார்த்துப் படம் போடுங்கள்.

ராமு பெரியப்பா: [படம்]

அருண்: 0811

மீனா: 2011ஆ?? எனக்குப் பால்பல்கூட விழவில்லை அப்போது

சுந்தர் சித்தப்பா: இந்த டயரோடு மலை இறங்கவே கூடாது. இன்னொன்று, 10 அங்குலச் சக்கரத்துக்குள் அடங்கும் பிரேக் சின்னது. இறக்கம் முழுவதும் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும்.

ராமு பெரியப்பா: எனக்கே பாடமா?

கலா அத்தை: எனக்குத் தெரியும் சுந்தர்.

மீனா: மழை என்று பயணமே ரத்து என்கிறார்கள், உண்மையா?

கார்த்திக்: வதந்தி. கிளப்பில் இப்போதுதான் கேட்டேன்

பெரியம்மா: மழை பெய்தால் மினி நின்றுவிடும்.

ராமு பெரியப்பா: நிற்காது.

சுந்தர் சித்தப்பா: நிற்கும். மினியை வடிவமைத்த இசிகோனிஸ் இடத்தை மிச்சப்படுத்த இன்ஜினைக் குறுக்கே வைத்தார். 10 அடி வண்டியில் நான்கு பேர் உட்காருவது அதனால்தான். ஆனால் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிரில்லுக்கு நேர் பின்னால் வந்துவிட்டது. எதிரே தெறிக்கிற தண்ணீரெல்லாம் அதன் மேல்தான்.

கார்த்திக்: ரப்பர் கையுறையை மாட்டிவிடுவார்களே, ஐந்து விரல் வழியாக ஐந்து வயர்

பெரியம்மா: என் பாத்திரம் கழுவும் கையுறையில் ஒன்று எங்கே போனது என்று இப்போது தெரிகிறது.

ராமு பெரியப்பா: அது பழசு.

அருண்: நானும் என் வண்டியில் பின்னாலேயே வரட்டுமா?

சுந்தர் சித்தப்பா: வா. ஆனால் முன்னால் போகும் வண்டியை விட, பின்னால் வரும் வண்டியைத்தான் கவனிக்க வேண்டும். திருப்பத்தில் அது கண்ணில் படும்வரை நின்றுவிட்டுப் போ. ஜாக் வைத்திருக்கிறாயா?

அருண்: அது கார்த்திக்கிடம்

கார்த்திக்: வீடு மாறும்போதே திருப்பிக் கொடுத்தேனே

அருண்: இல்லை

மீனா: தனியாகப் பேசிக்கொள்ளுங்கள் இருவரும்

ராமு பெரியப்பா: சரி. மலை ஏறும்போது கலா ஓட்டட்டும்.

கலா அத்தை: நேரக்கணக்கு ஓட்டம் முழுவதும் ஏற்றம்தானே சுந்தர்?

சுந்தர் சித்தப்பா: ஆமாம்.

ராமு பெரியப்பா: பாதி தூரம் என்று சொல்ல வந்தேன்.

மீனா: வழி யார் சொல்வது?

பெரியம்மா: கலா ஓட்டினால் நான் வருகிறேன்.

ராமு பெரியப்பா: அப்போது நான்?

பெரியம்மா: நான்கு பேர் உட்காரலாம் என்று இப்போதுதானே சுந்தர் சொன்னார்.

கார்த்திக்: படிவத்தில் ஓட்டுநர் பெயர் கேட்கிறது. இன்று ராத்திரிக்குள் அனுப்ப வேண்டும். யார் பெயர்?

கலா அத்தை: என் பெயர்.

ராமு பெரியப்பா: இரு இரு. முதலில் டயர் கிடைக்கட்டும். 10 அங்குலம் எல்லாக் கடையிலும் இருக்காது.