பேப்பர் கட்டு மலை ஏறாமல் போனால்

நீலகிரியில் சிறு பத்திரிகை நடத்துபவர்களுக்கு, இதழை யாராவது தடுத்தால் என்ன செய்வது என்று ஒரு வக்கீலும் பிரஸ்காரரும் பத்திரிகை ஏஜென்ட்டும் சொன்னவை.

கோத்தகிரி வக்கீல்:
பத்திரிகையை முடக்குவது என்றதும் எல்லோருக்கும் தடை உத்தரவுதான் நினைவுக்கு வரும். எதிர்க்க எளிதானதும் அதுதான். எழுத்தில் இருக்கும், பிரிவு எண் இருக்கும். 1950 மார்ச்சில் அன்றைய சென்னை ராஜ்ய அரசு, பம்பாயில் அச்சான 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழ் எல்லைக்குள் நுழையவே கூடாது என்று உத்தரவு போட்டது. நீலகிரியும் அந்த எல்லைக்குள்தான். அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். மே 26-இல் தடை செல்லாது என்று தீர்ப்பு. பேச்சுரிமைக்கு எப்போது கட்டுப்பாடு போடலாம் என்று சொல்லும் அரசியலமைப்புப் பிரிவு 19(2), அப்போது அரசின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டுமே இப்படித் தடுக்க இடம் கொடுத்தது. சென்னைச் சட்டமோ பொது ஒழுங்கு என்று பரந்து கிடந்தது. குடியரசுக்கு அப்போது நான்கு மாதம் வயது. மறு ஆண்டு ஜூனிலேயே முதல் திருத்தம் கொண்டுவந்து பொது ஒழுங்கையும் 19(2)-க்குள் சேர்த்துவிட்டார்கள். கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அப்போதுதான் வந்தது. இன்று நாம் வாதாடப் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

இப்போது ஓர் இதழைப் பறிமுதல் செய்ய புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் பிரிவு 98, அதாவது பழைய சி.ஆர்.பி.சி. 95. மாநில அரசின் அறிவிக்கை வேண்டும், அதில் காரணம் எழுதியிருக்க வேண்டும். காரணம் சொல்லாததற்காகவே 1961-இல் ஹர்நாம் தாஸ் வழக்கில் உத்தரவு ரத்தானது. பிரிவு 99-இன்படி உயர் நீதிமன்றம் போக இரண்டு மாதம். மூன்று நீதிபதிகள் கேட்பார்கள். அந்த இரண்டு மாதத்தை அறிவிக்கை கெஜட்டில் வந்த தேதியிலிருந்து எண்ணுங்கள், கட்டு பிடிபட்ட தேதியிலிருந்து அல்ல.

குன்னூர் பிரஸ்காரர்:
சார் சொன்னது உத்தரவு வந்தால். வராமலேயே நிற்கிறதுதாங்க அதிகம். பிரஸ் ஓனருக்கு ஒரு போன் போதும்; "மிஷின் ரிப்பேர்" என்பார். 1975 ஜூன் 25 ராத்திரி டில்லியில் பத்திரிகை ஆபீஸ்கள் இருக்கிற தெருவில் கரண்டைத்தானே பிடுங்கினார்கள்! தணிக்கை உத்தரவு அப்புறம் வந்தது.

இதில் ஒரு பொறி உண்டு. அவசரத்தில் மேட்டுப்பாளையத்தில் வேறு பிரஸ்ஸில் அடித்துவிட்டு, அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் போடும் கடைசிப் பக்க இம்ப்ரிண்ட் வரியில் பழைய பிரஸ் பெயரையே விட்டுவிடுவார்கள். பத்திரிகையில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டியதே இல்லை, பதிவு விவரம் தப்பு என்று பிடித்துக்கொள்ளலாம். பத்திரிகைப் பதிவுக்கான 2023 சட்டம் 2024 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்த பிறகு கலெக்டர் முன் உறுதிமொழி கிடையாது, எல்லாம் பிரஸ் சேவா இணையதளத்தில்தான். பிரஸ் மாறினால் அங்கே திருத்தம் போடுங்க. வருடாந்தர அறிக்கையையும் விடாதீங்க, முதல் தடவை தவறினாலே 20,000 ரூபாய் வரை அபராதம். பதிவே இல்லாமல் அடித்தால் 5 லட்சம் வரை.

காகிதம் ஓர் இதழுக்காவது கையில் இருக்கட்டும். எட்டுப் பக்க டேப்ளாய்டு, பக்கம் 28-க்கு 40 செ.மீ., 45 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 45 கிராம்) நியூஸ்பிரிண்ட் என்றால் பிரதி 20 கிராம். ஆயிரத்துக்கு 20 கிலோ, வேஸ்ட் சேர்த்து 22. அறுபது ஜி.எஸ்.எம். மேப்லித்தோ என்றால் 27, வேஸ்ட் தனி. ஊட்டி ஈரத்தில் தரையில் அடுக்கினால் ஓரம் அலை அலையாக நெளிந்து, மிஷினில் ஷீட் சரியாக இழுக்காது. பலகை மேல் வைத்து பிளாஸ்டிக் உறை போடுங்க.

கூடலூர் ஏஜென்ட்:
காகித விஷயத்தை லேசாக எடுக்காதீங்க தம்பிகளா. சிலோனிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் இங்கே எஸ்டேட்டுக்கு எஸ்டேட் இருக்கின்றன; அவர்களிடம் சொன்னால் உடனே புரியும். 1973-இல் அங்கே லேக் ஹவுஸ் என்ற பத்திரிகை நிறுவனத்தின் பங்குகளில் 75 சதவீதத்தைச் சட்டம் போட்டே அரசு எடுத்துக்கொண்டது. மறு வருஷம் தவச என்ற இன்னொரு பத்திரிகைக் குழுமத்தின் அச்சகத்துக்கு அவசரகால விதியில் சீல். சிங்களப் பேப்பரோடு தமிழ்ப் பேப்பர்களான 'தினபதி'யும் 'சிந்தாமணி'யும் நின்றன. 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணம் போகும் ஏ-9 நெடுஞ்சாலை மூடியதும் காகிதம் வராமல் அங்கத்திய 'உதயன்' நாளிதழ் பக்கத்தைக் குறைத்தது. அதற்குத் தடை என்று யார் பெயர் வைக்க முடியும்?

நம் மலைக்கும் வாசல் கொஞ்சம்தான். குன்னூர் வழியில் பர்லியார், கோத்தகிரி வழியில் குஞ்சப்பனை, கேரளப் பக்கம் நாடுகாணி, கர்நாடகப் பக்கம் கக்கநல்லா. மொத்தக் கட்டையும் ஒரே பஸ்ஸில் ஏற்றாதீங்க. பாதி குன்னூர் வழி, பாதி கோத்தகிரி வழி. மண்சரிவுக்கும் இதுதான் வழி என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஊட்டி மாத இதழ்:
கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போனால்? "இந்தக் கட்டுரை வேண்டாம்" என்று அதிகாரி கடிதம் அனுப்பினால்?

கோத்தகிரி வக்கீல்:
கடிதத்துக்கு 1994-இன் ராஜகோபால் வழக்கைக் காட்டுங்கள். ஆட்டோ சங்கர் தன்வரலாற்றை 'நக்கீரன்' வெளியிடப் போனபோது சிறைத்துறை உயரதிகாரி எச்சரித்து எழுதினார். வெளிவரும் முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு எந்தச் சட்டமும் இடம் தரவில்லை என்றது உச்ச நீதிமன்றம். அவதூறு என்றால் வெளிவந்த பிறகு வழக்குப் போடட்டும். போனில் சொன்னால், எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள்.

கம்ப்யூட்டர் என்றால் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 105-இன்படி சோதனையும் பறிமுதலும் வீடியோவில் பதிவாக வேண்டும், பட்டியலில் சாட்சிகள் கையெழுத்து வேண்டும். அந்தப் பறிமுதல் பட்டியலின் (மகஜர்) நகல் கேளுங்கள். அதில் ஹார்ட் டிஸ்க்கின் சீரியல் எண்ணும் ஹாஷ் மதிப்பும் (உள்ளே இருப்பது மாறினால் தானும் மாறிவிடும் ஓர் அடையாள எண்) இல்லையென்றால் பின்னால் உள்ளே எது சேர்ந்தது, எது போனது என்று நிரூபிக்க வழியில்லை. பக்கக் கோப்புகளின் பிரதி எப்போதும் வேறு வீட்டில் இருக்கட்டும்.

கூடலூர் ஏஜென்ட்:
இன்னொன்று. இதழ் வந்த அன்றே சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி போகட்டும், பொது நூலகங்களுக்குப் பிரதி கொடுக்கச் சொல்லும் 1954 சட்டப்படி அனுப்ப வேண்டியதுதான். தபால் ரசீதை இதழ் எண் எழுதி ஃபைலில் வையுங்க.