கனடாவில் எப்போது 'சாரி' சொல்ல வேண்டும்? அங்கே இருப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம். என் தங்கை செப்டம்பரில் டொராண்டோவுக்குப் படிக்கப் போகிறாள். நாம் காலை மிதித்தாலும் கனடாக்காரர்கள்தான் 'சாரி' சொல்வார்கள் என்று உலகமே கிண்டல் செய்கிறது. ஆனால் அங்கே இதற்குச் சட்டமே இருக்கிறது! பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2006-இலும் டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 2009-இலும் கொண்டுவந்தார்கள். மன்னிப்புக் கேட்டதைத் தவறை ஒப்புக்கொண்டதாக எடுத்து சிவில் வழக்கில் பயன்படுத்த முடியாது. எனக்கு இது ரொம்பப் பிடித்தது.

எங்கள் வீட்டில் சாரி, தேங்க்ஸ் எல்லாம் வெளியாட்களுக்குத்தான். அம்மாவிடம் தேங்க்ஸ் சொன்னால் கோபமே வரும். அங்கே இவளைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்துவிடக் கூடாதே!

எந்த சாரி உண்மையான வருத்தம், எது வெறும் 'கொஞ்சம் வழி விடுங்கள்'? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள், அப்படியே அவளுக்கு அனுப்புகிறேன்.