அப்பாவின் டிஸெபிலிட்டி பென்ஷன்: புதிய ஆடியோகிராமை வைத்து மறுபடி கேட்கலாமா?

கேட்பவர், மயூர் விஹார், டெல்லி:
வணக்கம். அப்பா 1987-ல் பீரங்கிப் படையில் சேர்ந்து, 2011-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வெளியே வரும்போது மெடிக்கல் போர்டு காது கேளாமை 30 சதவீதம் என்று எழுதியது. ஆனால் ‘பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல’ என்று பென்ஷனை மறுத்துவிட்டார்கள். அப்பா அப்பீல் போகவில்லை. போன மாதம் எடுத்த ஆடியோகிராமில் (காது எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் ரிப்போர்ட்) இரண்டு காதும் ரொம்ப மோசம். பேரன் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. இதை வைத்து கேஸைத் திறக்க முடியுமா?

ஓய்வுபெற்ற சுபேதார், ஆர்.கே.புரம்:
முடியும் தம்பி. ஆனால் இந்த ரிப்போர்ட்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அப்பாவுக்கு இடித்தது சதவீதம் இல்லை, காரணம். இன்றைய ரிப்போர்ட்டைக் காட்டினால் வயதுக் கோளாறு என்று தள்ளிவிடுவார்கள். சேர்ந்த நாளின் மெடிக்கல் பேப்பர்தான் உயிர். அதில் இரண்டு காதுக்கும் 610 செ.மீ. (அவ்வளவு தூரத்திலிருந்து கிசுகிசுத்தாலும் கேட்கும்) என்று இருந்தால் நல்ல காதோடு உள்ளே போனார் என்று அர்த்தம். சேரும்போது குறை எதுவும் குறிக்கவில்லை என்றால், பிறகு வந்ததைப் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டுவது அரசின் பொறுப்பு என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

காது பரிசோதகர், கரோல் பாக்:
வெடிச் சத்தத்தால் போன காதில் ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் (கீச்சென்ற உயர்ந்த ஒலி) பக்கம் கோடு பள்ளமாக இறங்கும். வயதாக ஆக அந்தப் பள்ளம் மறைந்துவிடலாம். அதனால் 2011-க்கு முந்தைய ஆடியோகிராம் கிடைத்தால், அதையும் புதியதையும் சேர்த்துப் பார்த்து காது மூக்கு தொண்டை டாக்டரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள்.

கேட்பவர்:
வீட்டில் ஒரு காகிதமும் இல்லை சார். இத்தனை வருடம் விட்டதும் பயமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற சுபேதார்:
அப்பா கையெழுத்தோடு அவர் படையின் ரெக்கார்டு ஆபீசுக்கு ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை மனு) போடுங்கள், பத்து ரூபாய்தான். சேர்ந்தபோது எடுத்த மெடிக்கல், ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 (வெளியே வரும்போது மெடிக்கல் போர்டு எழுதிய படிவம்), ஆஸ்பத்திரிப் பதிவுகள் மூன்றையும் கேளுங்கள். அப்புறம் தாமதத்துக்குக் காரணம் எழுதி, பென்ஷனை மறுத்ததற்கு எதிராக முதல் அப்பீல். ஆறு மாதம் பதில் இல்லாவிட்டால் இங்கேயே ஆர்.கே.புரத்தில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. மாதாமாதம் வரவேண்டிய பென்ஷன் என்பதால் தாமதத்தை மட்டும் சொல்லித் தள்ளுவது கஷ்டம். ஆனால் பாக்கி, மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான். சுப்ரீம் கோர்ட்டின் தர்சேம் சிங் வழக்கு, 2008. ஜெயித்தால் 30 சதவீதத்தை 50 ஆகக் கணக்கிடக் கேளுங்கள், சுப்ரீம் கோர்ட்டின் ராம் அவதார் தீர்ப்பு அதற்கு இருக்கிறது. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அப்பாவின் பணம் தம்பி. ஆர்.டி.ஐ.யை நாளைக்கே அனுப்புங்கள்.