வீட்டில் கட்டிய அம்பாசடர் இன்ஜின்: மூன்று முறை பேக்கிங் மாற்றியும் ஆயில் கசிவு நிற்கவில்லை

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய பெட்ரோல் அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினை வீட்டுக் கொட்டகையில் நானே பிரித்துக் கட்டினேன். சிலிண்டர் போர் செய்வதையும் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) அரைப்பதையும் மட்டும் வெளியில் கொடுத்தேன். ஓட்டத்தில் குறையில்லை, ஆயில் பிரஷரும் சரியாக இருக்கிறது; ஆனால் முதல் நாளிலிருந்தே கசிவு. 40 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தினால், காலையில் கிளட்ச் உறைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் தேங்கியிருக்கிறது. சம்ப் (இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) பேக்கிங்கை மூன்று முறை மாற்றிவிட்டேன். கடைசி முறை சிலிகானையும் தாராளமாகத் தடவினேன். பின்பக்க ஆயில் சீலை மாற்றச் சொன்னார் ஒரு மெக்கானிக், கடையிலோ இந்த இன்ஜினுக்கு அப்படியொரு சீலே கிடையாது என்கிறார்கள். பக்கவாட்டு பிரீதர் குழாயிலிருந்து புகைநெடி வந்ததால் அதன் வாயை ரப்பர் மூடியால் அடைத்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேறு எங்கே பார்க்க வேண்டும்?

முதல் பதில்:
கடைக்காரர் சொன்னது சரி. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து அம்பாசடருக்கு வந்த இந்த பிஎம்சி பி-சீரிஸ் இன்ஜினில், கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் இல்லை. கிராங்கைத் தாங்கும் பின் மெயின் பேரிங்கைத் தாண்டி, கிராங்கிலேயே மரை போன்ற ஒரு சுருள் பள்ளம் வெட்டியிருப்பார்கள். கிராங்க் சுழலும்போது அந்தப் பள்ளம் வெளியே வரப் பார்க்கும் ஆயிலைத் திரும்ப உள்ளே தள்ளி சம்புக்கே அனுப்பிவிடும். அது தொட்டு அடைக்கும் சீல் அல்ல என்பதால், உள்ளே காற்றழுத்தம் கூடினால் அதனால் ஆயிலைப் பிடித்து நிறுத்த முடியாது. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு வெளியேறுவதற்காகவே பிரீதர் இருக்கிறது. தாங்கள் அடைத்தது அந்த வழியைத்தான். புது ரிங்குகள் போரில் படியும் வரை இந்த வாயு சற்று அதிகமாகவே இருக்கும். ஆகவே வேறு எதையும் கழற்றுவதற்கு முன் அந்த மூடியை எடுத்துவிட்டு, குழாய் உள்ளே அடைபட்டிருக்கிறதா என்று ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். நீண்ட நேரம் ஐடிலிங்கில் விடாமல், மிதமான சுமையில் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினால் ரிங் விரைவில் படியும்.

இரண்டாம் பதில்:
நண்பர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழே சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. ஓடும்போது அடிக்கும் காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளுவதால், முன்னால் கசிவதும் கிளட்ச் உறையில் வந்துதான் சொட்டும். இன்ஜினை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, நன்றாக உலர்த்தி, சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவிப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஆயில் வந்த பாதை பவுடரில் தெளிவாகத் தெரியும். இந்த இன்ஜினில் எனக்கு முதல் சந்தேகம், கார்புரேட்டர் பக்கம் மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கும் இரண்டு டேப்பட் கவர்களின் (வால்வுகளை இயக்கும் டேப்பட்களை மூடும் தகடுகள்) மேல்தான். அவை மெல்லிய தகடு. போல்ட்டை இறுக்க இறுக்கத் தகடு நெளிந்து கார்க் பேக்கிங் பிதுங்கிவிடும், கசிகிறதே என்று மேலும் இறுக்கினால் இன்னும் கசியும். கவரைக் கழற்றி, மரக்கட்டையில் வைத்துத் தட்டி விளிம்பைச் சமப்படுத்திய பிறகு புதுக் கார்க் வைத்து அளவோடு இறுக்க வேண்டும்.

இன்ஜினின் முன்பக்கம் டைமிங் செயினை மூடும் டைமிங் கவரை முழுவதும் இறுக்குவதற்கு முன் கிராங்க் புல்லியைச் செருகிக் கவரை மையப்படுத்தினீர்களா? இல்லையென்றால் அதிலிருக்கும் முன் சீலும் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கும். சிலிகானைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு: உள்பக்கம் பிதுங்கிய துண்டு உதிர்ந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைத்தால் பேரிங்குகளே போய்விடும். தயவுசெய்து சம்பை ஒருமுறை இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பிரீதர் மூடியை எடுத்ததுமே பாதிக் கசிவு குறைந்துவிட்டது. பவுடர் தூவிப் பார்த்ததில் பின் டேப்பட் கவரின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு கோடு நேராகக் கிளட்ச் உறைக்கு இறங்கியிருந்தது. கவரைச் சமப்படுத்தி மாட்டியாயிற்று. சம்பை இறக்கியபோது சல்லடையின் ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சிலிகான் துண்டு ஒன்று கிடந்தது, பார்த்ததும் நெஞ்சு பதறிவிட்டது. இப்போது இரவில் மூன்று நான்கு சொட்டுகள் மட்டும் விழுகின்றன. அதற்காக இன்ஜினை இறக்க வேண்டுமா?

முதல் பதிலளித்தவர்:
வேண்டாம். கிராங்க் நின்றதும் சுருள் பள்ளத்தின் வேலையும் நின்றுவிடுவதால், அதில் மிச்சமிருக்கும் ஆயில் சொட்டத்தான் செய்யும். முன்பக்கம் மேடாக இருக்கும்படி வண்டியை நிறுத்தாதீர்கள். கிளட்ச் நழுவத் தொடங்கினாலோ, சொட்டு மீண்டும் கூடினாலோ மட்டும் இன்ஜினை இறக்கிப் பின் மெயின் பேரிங்கின் கேப்பைத் (மூடி) திறந்து பாருங்கள்.