பெரியம்மா தோட்டத்து வெனிலா

கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் வெனிலா என்று பேச்செடுத்தால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் பெருமூச்சு விடுவார்கள். 2000-இல் மடகாஸ்கரில் ஹூடா புயல் அடித்ததும் உலகச் சந்தையில் விலை ஏறியது. 2003 வாக்கில் பச்சைக் காயே கிலோ ஆயிரக்கணக்கில் போனது. கொடித் துண்டைக்கூட அளந்து விற்றார்கள், காய்க்கு ராத்திரிக் காவல் வேறு. அப்புறம் மடகாஸ்கர் விளைச்சல் மீண்டது, ஐஸ்கிரீம் கம்பெனிகள் வெனிலின் என்ற செயற்கை வாசனைக்குப் போய்விட்டன, விலை அதலபாதாளம். மிளகை வெட்டிவிட்டு வெனிலா நட்டவர்கள்தான் நொந்து போனார்கள்.

என் பெரியம்மா மிளகில் கை வைக்கவில்லை. காப்பிக்கு நடுவே நின்ற கல்யாண முருங்கையில் சில கொடிகளை மட்டும் ஏற்றிவிட்டார். அவை இன்றும் இருக்கின்றன.

அங்கே பூவுக்கு மகரந்தம் சேர்க்க வரும் அக்காவின் கையைப் பார்க்க வேண்டும். வெளிறிய பச்சை மஞ்சள் பூ, விடிந்தால் விரியும், உச்சிக்குள் வாடிவிடும். இடது கையில் பூவைப் பிடித்து, ஈர்க்குச்சியால் உள்ளே இருக்கும் மெல்லிய மடலைத் தூக்கி, கட்டை விரலால் மகரந்தத்தை ஒரு அழுத்து. அவ்வளவுதான், அடுத்த பூ. "கொத்துல இருக்குற எல்லாத்தையும் தொட்டா கொடி தாங்காது தம்பி, பாதி போதும்" என்றார். மறுநாள் பூ உதிர்ந்தால் காய் பிடிக்கவில்லை என்று அர்த்தம். 1841-இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த முறை இது. நம் மலையில் இந்த வேலையைச் செய்யும் பூச்சி கிடையாது, அக்காதான்.

காப்பிப் பறிப்பு ஓயும் சமயத்தில் பூ வருவதால், வேலை குறையும் மாதங்களில் அவருக்கு இந்தக் காலைக் கூலி கிடைக்கிறது. கைப்பழக்கம் உள்ளவர் என்பதால் பேரம் பேசாமல் கொடுக்கிறார்கள்.

காய் முற்ற ஒன்பது மாதம். அதன் பிறகு 65 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் முக்கி, கம்பளியில் சுற்றி வேர்க்க வைத்து, தினமும் கொஞ்ச நேரம் வெயில், அப்புறம் மாதக்கணக்கில் நிழல். ஆறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுருங்கும். பெரியம்மாவுக்கு இதற்கெல்லாம் பொறுமை இல்லை, பச்சையாகவே கொடுத்துவிடுகிறார். லாபத்தில் பெரும்பங்கு பதப்படுத்துகிறவருக்குப் போகிறது என்பது அவருக்கும் தெரியும்.

மழைக்காலத்தில் வேரழுகல் வந்து சில கொடிகள் போய்விடும். அந்த இடத்தில் புதுக்கொடி வைப்பாரே தவிர எண்ணிக்கையைக் கூட்ட மாட்டார். அக்கா ஒரு காலையில் தொட்டு முடிக்கிற அளவுக்குத்தான் கொடி, அதுதான் அவர் கணக்கு.