கிறிஸ்துமஸ் வாரத்தில் கேதார்கண்டா: வழிகாட்டிக் குழுவுடன் செல்லலாமா?

கேள்வி:
இந்த ஆண்டு கிறிஸ்துமஸை உத்தராகண்டின் கேதார்கண்டா மலையேற்றத்தில், வழிகாட்டி, கூடாரம், உணவு அனைத்தையும் ஏற்பாடு செய்து தரும் குழுவொன்றுடன் கழிக்க நானும் என் மனைவியும் எண்ணியிருக்கிறோம். பனியில் நடந்த பழக்கம் எங்களுக்கு இல்லை. பண்டிகையன்று ஆராதனைக்குச் செல்ல வழியுண்டா என்பதையும் அறிய விரும்புகிறோம்.

பதில் 1:
தாராளமாகச் செல்லலாம். உச்சி சுமார் 12,500 அடி உயரத்தில் இருந்தாலும் தொடக்கநிலையினரும் ஏறக்கூடிய பாதைதான். ஆனால் உச்சிக்கு ஏறும் நாளில் விடியலுக்கு வெகு முன்பே, உறைநிலைக்குக் கீழான குளிரில் புறப்பட வேண்டியிருக்கும் என்பதால், பனியில் வழுக்காமலிருக்கக் காலணியின் மேல் மாட்டும் முட்பட்டைகளைக் குழுவினர் தருகிறார்களா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பருத்தி உடை வேண்டாம். வியர்வையில் நனைந்தால் எளிதில் காயாது.

பதில் 2:
அந்த வாரத்தில் ஜூடா கா தலாப் ஏரிப்பகுதி கூடாரங்களால் நிரம்பிவிடும். அமைதியை நாடுவோர் ஜனவரி நடுப்பகுதியைத் தேர்வதே நல்லது என்பது என் கருத்து. பண்டிகைதான் முக்கியமென்றால் வேறு வழியில்லை.

பதில் 3:
ஆராதனைக்கு முசௌரியே வசதி, ஐயா. டேராடூனிலிருந்து, மலையேற்றம் தொடங்கும் சாங்க்ரி கிராமத்துக்குச் செல்லும் வண்டிகள் பெரும்பாலும் அவ்வழியே போவதால், 1836-இல் கட்டப்பட்ட கிறைஸ்ட் சர்ச்சில் 25-ஆம் தேதி ஆராதனையை முடித்துக்கொண்டு, மறுநாள் புறப்படும் குழுவில் பதிவு செய்யுங்கள். ஆராதனை நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.